தங்கக் கவருக்குள் வளைந்த பைப்

மோட்டார் சைக்கிளின் முன் ஃபோர்க்கைப் பழுது பார்க்கிறவனுக்கு ஒரு சௌகரியம் உண்டு: வண்டி எங்கேயாவது முட்டியதா என்று ஓட்டியவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டிய அவசியம் அவனுக்கு இல்லை.

ஓட்டியவர் "ஒண்ணுமே நடக்கல" என்பார். ஃபோர்க் நடந்ததைச் சொல்லிவிடும். இந்த இருவரில் யாரை நம்புவதுபோல் நடிப்பது என்பதுதான் எங்கள் தினசரிச் சங்கடம். பல் டாக்டர்கள், தையல்காரர்கள், செல்போன் ரிப்பேர் செய்கிறவர்கள், நீங்கள் எல்லோரும் என் கட்சிதான். "தண்ணியில விழவே இல்ல" என்று சொல்லி ஒருவர் நீட்டுகிற போனிலிருந்து தண்ணீர் சொட்டுச் சொட்டாக ஒழுகும்போது உங்கள் முகம் எப்படி இருக்குமோ, அந்த முகத்தோடுதான் நான் காலை ஒன்பது மணிக்குப் பட்டறையைத் திறக்கிறேன்.

ஃபோர்க் என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்காக நாலு வரி. முன்சக்கரத்தின் இரண்டு பக்கமும் இரண்டு கால்கள். ஒவ்வொரு காலிலும் பளபளப்பான ஒரு பைப், அதை உள்ளே வாங்கிக்கொள்ளும் தடித்த வெளிக்குழல், உள்ளே ஒரு ஸ்பிரிங், ஒரு தம்ளர் எண்ணெய், அந்த எண்ணெய் வெளியே வராதபடி வாயில் ஒரு ரப்பர் சீல். பள்ளம் வந்தால் பைப் இறங்கும். ஸ்பிரிங் அதைத் திருப்பித் தள்ளும். எண்ணெய் நடுவில் நின்று இரண்டு பேரையும் "மெள்ள, மெள்ள" என்று அடக்கும். அவ்வளவுதான். இதை இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சொன்னால் புரிகிறது. லடாக் போகிறவர்களுக்குத்தான் புரிவதில்லை.

என் பட்டறை நாகர்கோவிலிலிருந்து இராஜாக்கமங்கலம் போகிற ரோட்டில் இருக்கிறது. ஃபோர்க் தவிர வேறு வேலை எடுப்பதில்லை. கூட இருப்பது செலின், பக்கத்துக் கடற்கரைக்காரி. சாமான்கள் எந்த ஊரில் கிடைக்கும் என்று தேடி வரவழைப்பது, எண்ணெயை அளந்து ஊற்றுவது, என்னைத் திட்டுவது, இந்த மூன்றும் அவள் பொறுப்பு.

இந்த வருடம் ஒரு ரைடர் கிளப் பன்னிரண்டு வண்டிகளோடு எங்களிடம் வந்தது. கன்னியாகுமரியில் கிளம்பி லடாக் வரை போகிறார்களாம். கிளம்ப இருபது நாள் இருந்தது. பன்னிரண்டு வண்டிகளில் ஒன்று, அதன் பின்சீட்டில் உட்காரப் போகிற ஒரு பெண்மணியைக் கொன்றுவிடக் கூடியது என்று எனக்கு முதல் நாளே தெரியும். அதை அவரிடம் சொன்னேனா இல்லையா என்பதையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

மூன்று புள்ளி

கிளப் வருவதற்கு முந்தின வாரம்தான் புது போர்டு வைத்தேன். 'ஃபோர்க் சர்வீஸ்' என்று எழுதச் சொல்லியிருந்தேன். பெயிண்டர் முன்னால் இருக்கிற ஆய்த எழுத்தை விட்டுவிட்டு 'போர்க் சர்வீஸ்' என்று கொட்டை எழுத்தில் எழுதிவைத்தார். கேட்டால், "மூணு புள்ளிதானே" என்கிறார். மூன்று புள்ளிதான். ஆனால் எங்கள் பக்கத்தில் அந்த மூன்று புள்ளி இல்லாவிட்டால் அது பன்றி இறைச்சி. ஞாயிற்றுக்கிழமை காலையில் அதற்குக் கூட்டம் நிற்கும் ஊர் இது.

சனிக்கிழமை சாயங்காலம் ஒரு பெரியவர் துணிப்பையோடு வந்தார். இரண்டு கிலோ வேண்டும், கொழுப்பு அதிகம் வேண்டாம் என்றார். இங்கே இறைச்சி இல்லை, வண்டியின் காலை மட்டும்தான் பார்ப்போம் என்று நான் பொறுமையாக விளக்கினேன். சுவரில் கொக்கிகளில் வரிசையாகத் தொங்கிக்கொண்டிருந்த ஃபோர்க்குகளையும் கையைக் காட்டினேன். பெரியவர் அண்ணாந்து பார்த்தார். அவர் காதில் விழுந்தது 'கால் மட்டும்தான்' என்ற பகுதி போலிருக்கிறது. முகம் சுருங்கிவிட்டது. பையை மடித்து இடுக்கிக்கொண்டு சொன்னார்: "கால வச்சு நான் என்ன செய்ய? தொட எப்ப வரும்னு சொல்லும் வே."

தங்கக் கால்கள்

கிளப் தலைவர் பெயர் ஜெயசேகர். ஐம்பது வயது தாண்டியவர், ஒரு அலுவலகத்தில் மேலாளர். வியர்வை ஊற்றுகிற வெயிலில் முழங்கையிலும் தோளிலும் கவசம் வைத்த ஜாக்கெட் போட்டுக்கொண்டு வந்தார். கையில் ஒரு பார்சல். "அப்கிரேடு பண்ணணும் அண்ணாச்சி" என்றார். எதை என்று கேட்டேன். "லுக்க" என்றார்.

பார்சலுக்குள் இரண்டு தங்க நிறப் பிளாஸ்டிக் கவர்கள். விலை உயர்ந்த வண்டிகளில் ஃபோர்க்கைத் தலைகீழாக மாட்டியிருப்பார்கள்; தடித்த பாகம் மேலே, பளபளப்பான பைப் கீழே, பெரும்பாலும் தங்க நிறம். அது இல்லாதவர்கள் இந்தக் கவரை வாங்கிச் சாதாரண ஃபோர்க்கின் மேல் மாட்டிக்கொள்கிறார்கள். உள்ளே அதே பழைய கால், வெளியே தங்கக் கால்சட்டை.

மாட்டுவதற்கு முன்னால் வழக்கம்போல் பைப்பைக் கழற்றிப் பார்த்தேன். என் மேஜை மேல் தடித்த கண்ணாடி ஒன்று கிடக்கிறது. அதில் பைப்பைப் படுக்க வைத்து விரலால் உருட்டுவேன். நேரான பைப் சத்தமில்லாமல் போகும். வளைந்த பைப் நொண்டும். அதற்கும் கண்ணாடிக்கும் நடுவே ஒரு வெளிச்சக் கீற்று திறந்து திறந்து மூடும். ஜெயசேகரின் இரண்டு பைப்பும் நொண்டின. இரண்டும் ஒரே உயரத்தில், ஒரே திசையில், பின்பக்கமாக வளைந்திருந்தன. ஹேண்டிலுக்குக் கீழே பைப்பைக் கவ்விப் பிடிக்கிற இடம் அது. பள்ளத்தில் இறங்கினால் இப்படி ஆகாது. எதிலோ நேராக முட்ட வேண்டும்.

"எங்கயும் முட்டலியே" என்றார். நான் இன்னொரு தடவை உருட்டிக் காட்டினேன். "புலியூர்க்குறிச்சி பக்கத்துல ஒரு மாடு" என்றார். மாட்டுக்கு என்ன ஆயிற்று என்று கேட்டேன். "அது திரும்பிப் பாத்துட்டுப் போயிட்டு."

நான் விவரமாகச் சொன்னேன். இரண்டு பேர், மூட்டை முடிச்சு, மலை இறக்கம். அங்கே முன் பிரேக்கை அழுத்தினால் முழுப் பாரமும் இந்த வளைவில் வந்து நிற்கும். பைப் உள்ளே சிக்கிக்கொள்ளலாம், முறியலாம். அந்த வண்டிக்குப் புது பைப் வர ஒரு மாதம் ஆகும் என்றும் சொன்னேன். அவர் தலையில் கைவைத்தார். டி-ஷர்ட்டில் புறப்படும் தேதியை அச்சடித்தாயிற்றாம். கூட வருவது மனைவி சுசீலாவாம். 'நான் இதுவரைக்கும் வண்டியை எங்கேயும் கொண்டு சாத்தினதில்லை' என்று சத்தியம் செய்த பிறகுதான் அந்த அம்மா வரச் சம்மதித்தாராம். கடைசியில் அவரே வழியும் சொன்னார்: "பெண்டு எடுத்து கவர மாட்டிருங்க அண்ணாச்சி. வீட்டுல தெரியாண்டாம், உங்களுக்கும் மத்த பதினோரு வண்டி கைய விட்டுப் போவாண்டாம், பாத்தியளா."

ரெண்டு கிளிக்

கிளப்பில் ஸ்டான்லி என்று ஒருவர். துபாயிலிருந்து நீண்ட விடுமுறையில் வந்தவர். சஸ்பென்ஷன் பற்றி உலகத்தில் இருக்கிற வீடியோ எல்லாம் பார்த்துவிட்டார். அவர் வண்டியின் ஃபோர்க் தலையில் ஒரு திருகு இருக்கிறது. அதைத் திருப்பினால் 'டிக், டிக்' என்று சத்தம் கேட்கும். உள்ளே ஒரு மெல்லிய கம்பி இறங்கி எண்ணெய் போகும் வழியைக் கொஞ்சம் அடைக்கும். ஃபோர்க் இறுகும். திரும்பத் திருப்பினால் இளகும். ஸ்டான்லி இதற்கென்று ஒரு நோட்டு வைத்திருந்தார். கோட்டாறு ரோட்டுக்கு ஆறு கிளிக், நாலுவழிச் சாலைக்கு எட்டு, மழை பெய்தால் ஏழு. ஐந்து வைத்தால் வண்டி 'அழுகிறது' என்பார்.

எண்ணெய் மாற்றக் கழற்றியபோது பார்த்தால், உள்ளே அந்தக் கம்பியே இல்லை. முன்னால் வேலை பார்த்த யாரோ திருப்பிப் போட மறந்திருக்கிறார்கள். இரண்டு வருடமாக அந்தத் திருகு சத்தம் மட்டும் போட்டுக்கொண்டிருந்திருக்கிறது. எனக்கே பாவமாக இருந்தது. அவரைத் தனியாகக் கூப்பிட்டு உட்கார வைத்து, மெதுவாகச் சொல்லி, காலிக் குழலையும் காட்டினேன். ஸ்டான்லி நீண்ட நேரம் அந்த ஓட்டையைப் பார்த்தார். நோட்டைப் பார்த்தார். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டார்: "இப்ப கொண்டுபோய் கம்பியப் போட்டுராதீங்க அண்ணே, என் செட்டிங் மாறிரும்."

மில் எண்ணெய்

தாணுலிங்கம் அண்ணாச்சி தேங்காய் எண்ணெய் மில் வைத்திருக்கிறார். கிளப்பில் ஆறு பேர் ஒத்திகை என்று மூணாறு போனபோது அவரும் போனார். மறுநாள் காலை போன் வந்தது. ஃபோர்க் அசையவே இல்லையாம். ஆள் ஏறிக் குதித்தாலும் இறங்கவில்லையாம், கல்லுத்தூண் மாதிரி நிற்கிறதாம். நீர் என்னத்தை ஊற்றித் தொலைத்தீர் என்று கேட்டார். நான் அளந்து ஊற்றியது சரியான எண்ணெய்தான். ஒன்றும் பிடிபடவில்லை. மலை இறங்கி மத்தியானம் தேனி வந்து சேர்ந்ததும் ஃபோர்க் தானாகவே சரியாகிவிட்டது என்று இன்னொரு போன். எனக்கு அதைவிடக் குழப்பம்.

வண்டி பட்டறைக்கு வந்தது. அடித் திருகைக் கழற்றினேன். பட்டறை முழுக்க நேந்திரங்காய் சிப்ஸ் வறுக்கிற வாசனை. அண்ணாச்சி நான் ஊற்றிய எண்ணெயை வடித்துக் கொட்டிவிட்டு, அதெல்லாம் கெமிக்கல் என்று சொந்த மில் எண்ணெயை நிரப்பியிருக்கிறார். நம் ஊர்ச் சூட்டில் அது நன்றாகத்தான் ஓடியிருக்கிறது. மலைக் குளிரில் உறைந்துவிட்டது. அவருக்கு இது விளங்கட்டும் என்று செலின் ஃபோர்க்கிலிருந்து வடித்த எண்ணெயில் ஒரு தம்ளர் எடுத்து, பக்கத்து டீக்கடை பிரிட்ஜில் வைத்துவிட்டு வந்தாள். ஒரு மணி நேரம் கழித்துக் கொண்டுவந்து கவிழ்த்தாள். ஒரு சொட்டு விழவில்லை. மெழுகுபோல் அப்படியே நின்றது. அண்ணாச்சி தலை குனிவார் என்று நாங்கள் எதிர்பார்த்தோம். அவர் தம்ளரை வாங்கி வாசலில் நின்ற நாலு பேருக்கும் தூக்கிக் காட்டினார்: "பாத்தியளா, தும்பப்பூ மாதிரி உறஞ்சிருக்கு! நம்ம மில்லு எண்ணெயில கலப்படம் இல்லைன்னு இனியாவது நம்புவியளா?"

மூன்று காரணங்கள்

இதற்குள் ஒன்பது நாள் ஆகிவிட்டது. ஜெயசேகரின் வண்டி பட்டறை மூலையில் தங்கக் கால்களோடு நின்றது. பெண்டு எடுக்க மாட்டேன் என்று மட்டும் சொல்லியிருந்தேன். ஒரு தடவை வளைந்ததை நிமிர்த்தினால் அடுத்த அடியில் அந்த இடத்திலேயே போய்விடும். ஆனால் அதே பைப்பைத் திருப்பி மாட்டி, கவரையும் போட்டுக்கொடுத்தவன் நான்தான். வருகிறவர்கள் எல்லோரும் அதன் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள். "அண்ணாச்சி வேலைன்னா வேலை" என்று ஒருவர் என் முதுகில் தட்டினார். நான் சிரித்தேன். அந்தச் சிரிப்பு எப்படி இருந்திருக்கும் என்று உங்களுக்குத் தெரியும்.

அந்த அம்மாவிடம் சொல்லியாயிற்றா என்று செலின் கேட்டாள். சொல்லாததற்கு நான் மூன்று காரணம் வைத்திருந்தேன். ஒன்று, வாடிக்கையாளர் நம்பிச் சொன்னதை வெளியே சொல்வது தொழில் தர்மம் இல்லை. இரண்டு, அது புருஷன் பெண்டாட்டி விஷயம். மூன்று, மற்ற பதினோரு வண்டி. "முதல் ரெண்டையும் எப்ப யோசிச்சிய, மூணாவத யோசிச்ச பெறவா?" என்று கேட்டாள். நான் ஒரு சீலைக் கையில் எடுத்துத் துடைக்க ஆரம்பித்தேன். அது ஏற்கனவே துடைத்த சீல். செலின் அளவுக் குப்பியைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாள்: "எங்க ஊருல வள்ளத்து ஓட்டைய பெயிண்ட் அடிச்சு மறச்சவனத்தான் முதல்ல அதுல ஏத்திக் கடலுக்கு விடுவாவ. நீங்க எப்ப லடாக் கிளம்புறிய அண்ணே?"

கடலில் குளிப்பாட்டு

கிளம்ப ஒரு வாரம் இருக்கையில் கிளப்புக்கு ஒரு யோசனை வந்தது. வடக்கேயிருந்து கன்னியாகுமரி வந்து சேர்கிறவர்கள் சிலர் முன்சக்கரத்தைக் கடலில் நனைத்துப் போட்டோ எடுத்துக்கொள்வார்கள். வந்த வேலை முடிந்தது என்று அர்த்தம். அவர்கள் வெளியூர்க்காரர்கள், உப்புத் தண்ணீர் இரும்பை என்ன செய்யும் என்று தெரியாது, மன்னித்துவிடலாம். எங்கள் ஆட்களோ வீட்டு ஜன்னல் கம்பி மூன்று வருடத்தில் உதிர்ந்துபோவதைப் பார்த்து வளர்ந்தவர்கள். இமயமலைக்கு நம் கடலைக் கொண்டுபோகிறோம் என்று ஞாயிற்றுக்கிழமை காலையில் பன்னிரண்டு வண்டியையும் மணலில் தள்ளிக்கொண்டுபோய் அலையில் நிறுத்தினார்கள். தலைவர் வண்டி நடுவில். தங்கக் கால்கள் அலையில் பளபளக்க வேண்டும் என்பதற்காகவே அதை என் பட்டறையிலிருந்து எடுத்துப் போனார். போட்டோக்காரர் "இன்னும் கொஞ்சம் உள்ள" என்று சொல்ல, ஒரு பெரிய அலை வந்து ஹெட்லைட் வரை குளிப்பாட்டிவிட்டுப் போனது.

திங்கட்கிழமை காலை நான் வந்தபோது வண்டிகள் வரிசையாக நின்றன. போன வாரம் போட்ட புதுச் சீல்களின் வாயில் மணல். மணல் ஒன்று சிக்கினால் பைப் ஏறி இறங்குகிற ஒவ்வொரு தடவையும் கீறும். கீறல் வழியாக எண்ணெய் கசிந்து பிரேக் தட்டில் இறங்கும். பிரேக் பிடிக்கிற நேரத்தில் சோப்பு போட்ட மாதிரி வழுக்கும். பதினோரு வண்டிகளையும் நல்ல தண்ணீரில் கழுவி, சீல் சீலாகச் சுத்தம் செய்தோம். பன்னிரண்டாவது வண்டியின் கவரைத் தொட ஜெயசேகர் விடவில்லை. அந்த அம்மா உட்காரப் போகிற வண்டியில், வளைந்த பைப்பைச் சுற்றிக் கவருக்குள் கடல் தண்ணீர் நிற்கிறது என்று எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டே அதைவிட்டு அடுத்த வண்டிக்குப் போனேன். அங்கே ஸ்டான்லி எனக்காகக் குறையோடு காத்திருந்தார்: "உப்புல போட்ட கருவாடே மாசக்கணக்கா கெடாம இருக்கு அண்ணே, உங்க சீலு ஒரு அலைக்குத் தாங்கலியே."

எக்ஸ்ரே

கடைசி வேலை அளவு எடுப்பது. ஓட்டுகிறவர், பின்னால் உட்காருகிறவர் இரண்டு பேரும் வந்து வண்டியில் உட்கார வேண்டும். உட்காரும் முன் பைப்பில் ஒரு மெல்லிய பிளாஸ்டிக் பட்டையைக் கட்டிவைப்போம். ஆள் உட்கார்ந்து இறங்கினதும் பட்டை எவ்வளவு நகர்ந்திருக்கிறது என்று அளந்தால், ஃபோர்க் எவ்வளவு இறங்கியது என்று தெரியும். அதற்குத் தக்கபடி ஸ்பிரிங்கை வைப்போம். பதினாறாவது நாள் சாயங்காலம் எல்லோரும் ஜோடியாக வந்திருந்தார்கள். ஜெயசேகரோடு சுசீலா வந்தார். ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிறவர். டியூட்டி முடிந்து நேராக வந்ததால் அடையாள அட்டை கழுத்திலேயே தொங்கியது.

பதினோரு வண்டி அளந்தாயிற்று. அவர்கள் முறை வந்தது. கவர் இருப்பதால் பட்டை கட்ட இடம் இல்லை. சுசீலா குனிந்து பார்த்தார். "நம்ம வண்டிக்கு மட்டும் என்னத்துக்கு பேண்ட் போட்டு விட்டிருக்கு?"

"அது அப்கிரேடு சுசி. லடாக்குல தூசி ஜாஸ்தி" என்றார் ஜெயசேகர்.

"மத்தவங்களுக்கு தூசி கிடையாதா?" என்று கேட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார். "அண்ணாச்சி, பின்னால இருக்கப்பட்டவ நான். இது ரெண்டு பேரத் தாங்குமா, தாங்காதா?"

ஜெயசேகர் அவர் முதுகுக்குப் பின்னால் நின்று என்னைப் பார்த்தார். பிறகு வரிசையாக நின்ற பதினோரு வண்டிகளைப் பார்த்தார். திரும்ப என்னைப் பார்த்தார். நான் ஒரு கோழையின் பதிலைச் சொன்னேன். கவரைக் கழற்றினால்தான் அளக்க முடியும் என்றேன். "அப்ப கழத்துங்க" என்றார் சுசீலா. கழற்றினேன். பழுப்புத் தண்ணீர் என் செருப்பில் கொட்டியது. பைப் முழுக்கப் புளி ஒட்டின மாதிரித் துரு. இனி மறைக்க என்ன இருக்கிறது? இரண்டு பைப்பையும் உருவித் துடைத்து மேஜைக்குக் கொண்டுவந்தேன். "நீங்களே உருட்டிப் பாருங்க" என்றேன்.

அவர் முழங்காலை மடக்கிக் கண்ணைக் கண்ணாடியின் மட்டத்துக்குக் கொண்டுவந்தார். ஒரு விரலால் உருட்டினார். வெளிச்சக் கீற்று திறந்து மூடியது. இன்னொரு தடவை உருட்டினார். அடுத்த பைப்பை எடுத்தார். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, வளைவு ஒரே இடத்தில் இருக்கிறதா என்று நகத்தால் தொட்டுப் பார்த்தார். என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. நிமிர்ந்து கணவரிடம் கேட்டார்.

"எப்ப?"

"பெரிசா ஒண்ணும் இல்ல, ஒரு மாடு குறுக்க..."

"எப்பன்னு கேட்டேன்."

"சித்திரையில."

"பாத்ரூம்ல வழுக்கி விழுந்தேன்னு தோளப் புடிச்சிட்டு வந்தியளே, அன்னைக்கா?"

ஜெயசேகர் சுவரில் இருந்த காலண்டரை உன்னிப்பாகப் பார்த்தார். அப்போதுதான் என் வாய் திறந்தது. இந்த பைப்போடு மலை இறங்கினால் பிரேக் பிடிக்கும்போது முறியலாம், இது எனக்கு முதல் நாளே தெரியும், சொல்லாதது என் தப்பு என்றேன். சுசீலா என்னைப் பார்த்த பார்வை, கணவரைப் பார்த்ததைவிட மோசமாக இருந்தது. அது நியாயம்தான். அவராவது பயத்தில் மறைத்தார்.

"சரி. நாளைக்கு ஒரு வண்டி இஞ்ச இருக்காது, பாத்துக்கிடும்" என்றார் ஜெயசேகர். அண்ணாச்சி என்ற வார்த்தையை அத்தோடு விட்டுவிட்டார்.

செலின் உள்ளேயிருந்து நீளமான ஒரு அட்டைப் பெட்டியைக் கொண்டுவந்து மேஜையில் வைத்தாள். உள்ளே அந்த வண்டிக்கான புது பைப் ஒரு ஜோடி. முதல் நாளிலிருந்து ஊர் ஊராகப் போன் போட்டுத் தேடியிருக்கிறாள். கோயம்புத்தூரில் ஒருவரிடம் இருந்த ஜோடி அன்று காலையில்தான் பஸ்ஸில் வந்து இறங்கியிருக்கிறது. தேடச் சொல்லி நான் ஒரு வார்த்தை சொன்னதில்லை. சுசீலா தானே பெட்டியைப் பிரித்து, இரண்டையும் கண்ணாடியில் உருட்டினார். சத்தமும் இல்லை, கீற்றும் இல்லை. பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றை இழுத்து வண்டிக்கு எதிரே போட்டு உட்கார்ந்தார். "மாட்டுங்க. நான் இருந்து பாத்துட்டுத்தான் போவேன்."

ஒன்றரை மணி நேரம் ஆனது. ஒரு நட்டுக்கூட அவர் கண்ணுக்குத் தப்பவில்லை. கணவர் வாசலில் நின்று யாருக்கோ போன் பேசுவதுபோல் பேசிக்கொண்டிருந்தார். கடைசித் திருகை முறுக்கும்போது சுசீலா, என்னிடமா தன்னிடமா என்று தெரியாதபடி சொன்னார்: "அன்னைக்கு ஆளுக்குத் தோளுல படம் எடுத்து ஒண்ணும் இல்லன்னு அனுப்பினேன் அண்ணாச்சி, வண்டிக்கில்லா எடுத்திருக்கணும்."

நாலு வண்டி மறுநாளே வேறு பட்டறைக்குப் போய்விட்டது, சுசீலா புது பைப்பை நம்பி லடாக் போய்ப் பத்திரமாகத் திரும்பியும் வந்துவிட்டார், இத்தனைக்கும் பிறகு இந்தத் தொழிலைப் பற்றி எனக்குத் தெரிந்தது என்னவென்றால், ஃபோர்க்கில் எண்ணெய் மாற்ற அரை மணி நேரம் போதும், உண்மையைச் சொல்லத்தான் பதினாறு நாள் ஆகிறது.